தேவதாசுக்காக அழுதவர்கள்

தாடி வளர்த்த இளைஞன் எவனேனும் வாடிய முகத்துடன் தேநீர்க் கடை மூலையில் உட்கார்ந்திருப்பானாயின், கல்முனையிலும் சரி, சம்மாந்துறையிலும் சரி, அக்கரைப்பற்றிலும் சரி, ‘தேவதாஸ்’ என்ற பெயர் அவனுக்குக் கிடைத்துவிடும். அழைப்பவன் சரத்சந்திரரைப் படித்திருக்க வேண்டியதில்லை. படத்தைக்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை. வங்க நாவலாசிரியர் தம் இளமைக் காலத்தில் எழுதி, நெடுநாள் அச்சிடத் தயங்கி, 1917இல் வெளியிட்ட சிறு நாவலொன்று, கடல் கடந்து வந்து, தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களின் அன்றாடப் பேச்சில் ஒரு பட்டப்பெயராகிவிட்டது. இலக்கியத்தின் செல்வாக்கென்று இதனைக் கொண்டாடலாம். ஆனால் அப்பெயரைச் சூட்டும்போது நம் மக்கள் எதனை எண்ணிச் சூட்டுகின்றனர் என்று ஆராய்வது அதனினும் பயனுடையது. படைப்பாளியை மட்டும் விசாரணைக்கு அழைத்து, பார்வையாளனைச் சாட்சிக்கூண்டில் ஏற்றாமலே அனுப்பிவிடுவது நம் விமர்சனத்தின் பழைய வழக்கம். இக்கட்டுரையில் நாம் பார்வையாளரின் கருத்துகளையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம்.

தேவதாஸ் கதையும் அதன் வழித்தோன்றல்களும் பற்றி இக்கரையோரத்தில் நாம் கேட்டுவரும் அபிப்பிராயங்கள் பெரும்பாலும் இரு தரப்பட்டவை. ஒன்று இளைஞருடையது: ‘அவன் காதல் உண்மையானது, அதனால்தான் அழிந்தான்.’ மற்றையது பெரியோருடையதும் ஆசிரியர் பலருடையதுமாகும்: ‘இது குடியை மகிமைப்படுத்துகிறது, பிள்ளைகளைக் கெடுக்கிறது, ஹறாமான ஒன்றைக் கண்ணீரால் கழுவிக் காட்டுகிறது.’ முன்னவர் அழுகின்றனர், பின்னவர் கண்டிக்கின்றனர். இரண்டும் எதிரெதிர்க் கருத்துகள் போலத் தோன்றினும், கூர்ந்து நோக்குமிடத்து, இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே என்பது புலனாகும். ஒரு மனிதன் போதைக்கு அடிமையாவது அவனது நெஞ்சுக்குள் மட்டும் நடக்கும் நிகழ்ச்சி என்பதே அவ்வடித்தளம். நெஞ்சு உயர்ந்தது என்பார் ஒரு சாரார். நெஞ்சு பலவீனமானது என்பார் மற்றையோர். அவன் வீட்டையும் நிலத்தையும், அவனைச் சுற்றி உழைப்போரையும் எவரும் பார்ப்பதில்லை.

மூன்றாவது கருத்தொன்றும் உண்டு. அது அதிகம் காதில் விழுவதில்லை. படத்தைப் பிள்ளைகளோடு வீட்டிலிருந்து பார்த்த வயது முதிர்ந்த பெண்ணொருவர், எல்லோரும் தேவதாசின் காதலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, “அவன்ட உம்மா அண்டைக்கே ஓமெண்டிருந்தா படமே இல்லையே!” என்றார். கேட்டிருந்தவர் சிரித்தனர். நம் கருத்தில், அந்நாவலைப் பற்றி இவ்வட்டாரத்தில் சொல்லப்பட்ட மிகச் சரியான விமர்சன வாக்கியம் அதுவே. ஏனெனில் நாவலின் முடிச்சு அங்கேதான் விழுகிறது.

தேவதாசின் தாய் ஏன் சம்மதிக்கவில்லை? பார்வதி அடுத்த வீட்டுப் பெண். அவளை அவர்களுக்குப் பிடிக்காமலில்லை. ஆயினும் பார்வதியின் குடும்பம் பெண்ணுக்குப் பணம் வாங்கிக் கட்டிக்கொடுக்கும் வழக்கமுடையது. கொள்வதும் விற்பதுமான சிறு வீடு என்று ஜமீன் குடும்பத்தாரால் இகழப்படுவது. அக்காலத்து வங்கத்து உயர்சாதியாரிடையே பெண்ணோடு பொருள் கொடுப்பது கௌரவம். பெண்ணுக்குப் பொருள் வாங்குவது இழிவு. இந்தக் கணக்கு வழக்கில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் சிக்கி நசுங்குகின்றனர். மறுக்கப்பட்ட பார்வதியின் தந்தை, அதே ஆத்திரத்தில், மனைவியை இழந்த முதியவரும் வளர்ந்த பிள்ளைகளை உடையவருமான பெரிய ஜமீன்தார் ஒருவருக்கு அவளைக் கொடுத்து, தம் மானத்தை மீட்டுக்கொள்கிறார். நிலப்பிரபுத்துவம் இங்கே மேடைப் பேச்சாக வரவில்லை. இரண்டு சுவர்களுக்கிடையே நின்ற ஒரு திருமணப் பேச்சாக வருகிறது. சரத்சந்திரரின் பலம் இதுவே.

இதனைக் கிழக்கு இலங்கை வாசகன் புரிந்துகொள்ளாவிட்டால் வேறு எவன் புரிந்துகொள்வான்? நம் பகுதியில் முஸ்லிம்களும் தமிழரும் ஒருங்கே பேணிவரும் தாய்வழிக் குடிமுறை அறிஞர் பலரின் ஆய்வுக்குரியதாயிற்று. (‘உங்கட குடி என்ன?’ என்று நம் ஊரில் ஒருவர் கேட்டால், குடிப்பழக்கத்தை விசாரிக்கிறார் என்று வெளியூரார் மிரளத் தேவையில்லை. தாய்வழிக் குலத்தைத்தான் கேட்கிறார்.) மணமானதும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருகிறான். ஆதலால் பெண்ணுக்கு வீடு வேண்டும். வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை என்பது எழுதப்படாத சட்டம். மார்க்கம் ஆணையே மஹர் கொடுக்கச் சொல்லியிருக்க, வழக்கம் பெண்வீட்டாரிடம் வீட்டையும் வளவையும் வயலையும், அதற்கு மேல் கைக்கூலியையும் கேட்கிறது. மூன்று பெண்களைப் பெற்ற வாப்பா மூன்று வீடு கட்ட வேண்டும். அவரால் முடியாவிட்டால் ஆண் மக்கள் கட்ட வேண்டும். அதற்காக அவர்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் போக வேண்டும். சகோதரிகளின் வீடுகள் எழும்பி முடியும்வரை தன் காதலை நெஞ்சுக்குள் பூட்டிவைத்திருக்கும் ஆண்மகன் நம் தெருக்களில் அரிதானவன் அல்லன். அவன் கதையில் குறுக்கே நிற்பது விதியன்று. சீமெந்தும் கல்லும் கூரைத் தகடுமாகும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் இவ்வூர்களின் மேல் ஏறி வந்தபோது, இலங்கையிலேயே அதிக உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை, இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகியவற்றின் கரையோரத் தெருக்களில் வீடுகள் அழிந்தன. அழிந்தவற்றுட் பல, பெண்மக்களின் சீதன வீடுகள். இன்னும் மணமாகாத பெண்களுக்கென எழும்பிக்கொண்டிருந்தவையும் அவற்றுள் அடங்கும். மீளக் குடியமர்த்திய அதிகாரிகளின் பதிவேட்டிலோ ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டமொன்று இருந்தது. அதில் ஆணின் பெயரே பெரும்பாலும் விழுந்தது. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரசின் உதவியால் எழுந்த 500 வீடுகள், இன விகிதாசாரத் தகராற்றினாலும் 2009ஆம் ஆண்டின் நீதிமன்றத் தீர்ப்பினாலும் கையளிக்கப்படாமல், பல ஆண்டுகள் பற்றை மூடிக் கிடந்தன. வீடொன்று தாமதித்தால் திருமணமொன்று தாமதிக்கும் சமுதாயத்தில், 500 வீடுகள் பூட்டிக் கிடப்பதன் பொருள் என்ன என்று எண்ணிப் பார்த்தோமா? காதல் தோல்வியைப் பற்றிப் படமெடுக்க விரும்பும் நம் இளைஞருக்கு வங்கத்து ஜமீன் மாளிகை தேவையில்லை.

எனவே, ‘அவன்ட உம்மா ஓமெண்டிருந்தா’ என்று சொன்ன அப்பெண்மணி, தாம் மணமுடித்து வைத்ததும் முடித்துவைக்க இயலாமற் போனதுமான அனுபவத்திலிருந்தே பேசினார். படத்தைத் தம் வாழ்க்கையைக் கொண்டு அளந்தார். மற்றவர்கள் தம் வாழ்க்கையைப் படத்தைக் கொண்டு அளந்தனர்.

ஈண்டு முற்போக்கு விமர்சகர் சிலரைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டியிருக்கிறது. தேவதாஸ் கதையை அழுமூஞ்சித்தனம், சீரழிந்த ஜமீன்தாரின் புலம்பல் என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுவது அவர்கள் வழக்கம். அப்படித் தள்ளுவது எளிது. ஆனால் 1935இல் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்துக்காகப் பி. சி. பரூவா வங்காளியிலும் இந்தியிலும் எடுத்த காலந்தொட்டு, 1953இல் வேதாந்தம் ராகவையா தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த காலம் வரைக்கும், அதன் பின் 1955இல் பிமல் ராய் எடுத்த காலத்திலும், இலட்சக்கணக்கான எளிய மக்கள் ஏன் கண்ணீர் விட்டார்கள்? ஜமீன்தார் ஆகும் ஆசையினாலா? அன்று. தாம் விரும்பியவரை மணக்க முடியாமற்போன கோடிக்கணக்கானோர் வாழும் துணைக்கண்டம் இது. சாதியும் சீதனமும் பிரித்த தங்கள் துயரத்துக்கு ஓர் உருவத்தை அவர்கள் திரையிலே கண்டனர். அந்தக் கண்ணீரை ஏளனம் செய்பவன் மக்களை ஏளனம் செய்கிறான். கண்ணீர் பொய்யன்று, அது போய்ச் சேர்ந்த இடம்தான் பிழை. பிரித்த சுவரின் மேல் கோபமாகப் போக வேண்டியது, பிரிக்கப்பட்டவனின் கையிலிருந்த போத்தலின் மேல் பரிவாகப் போயிற்று.

இதற்குத் திரைப்படங்களின் பங்கு சிறிதன்று. நாவலிலே தேவதாசின் அழிவு அழகானதன்று. ஈரல் கெட்டு, காய்ச்சலோடும் வலியோடும் அலைகிறான். குடும்பச் சொத்தில் தன் பங்கைக் கரைக்கிறான். அப்பங்கு குடியானவரின் குத்தகையிலிருந்து வந்தது. தர்மதாஸ் என்ற முதிய வேலையாள் ஊர் ஊராக அவன் பின்னே அலைந்து பணிவிடை செய்கிறான். கடைசியில் அவன் புகையிரதத்தில் உறங்கிக்கொண்டிருக்கையில் அவனுக்கும் சொல்லாமல் எசமானன் இறங்கிப் போய்விடுகிறான். பார்வதியின் மணம் நெருங்கிய வேளையில் தூண்டிற்கம்பால் அவள் நெற்றியில் அடித்துத் தழும்பு உண்டாக்கியவனும் அவனே. சரத்சந்திரர் இவற்றை மறைக்கவில்லை. திரையோ இவற்றின்மேல் ஒரு பாட்டைப் போர்த்தியது. இந்திப் படத்தில் சைகாலின் குரலும், தமிழிலும் தெலுங்கிலும் கண்டசாலாவின் குரலும் கேட்டபின், ஈரலைப் பற்றி எவன் நினைப்பான்? இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமன் படம் முடிவதற்கு முன்பே 1952இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற மெட்டுகளோ நம் நாட்டு வானொலி வழியாக ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்தன. படமாளிகைப் பக்கம் ஒருநாளும் போயிராத முஸ்லிம் பெண்களும் அடுப்படியிலிருந்தே தேவதாசை அறிந்தனர். அவர்கள் அறிந்த தேவதாஸ் ஒரு குரல். அக்குரலுக்கு வாய் நாற்றமில்லை.

அந்தப் படத்தில் பார்வதியாக நடித்தவர் சாவித்திரி. அவரது பிற்கால வாழ்க்கையை அறியாத தமிழர் இல்லை. மணவாழ்வின் முறிவு, பட முயற்சிகளில் நட்டம், குடி, பல மாதங்கள் நினைவிழந்து கிடந்து 1981 டிசம்பரில் மரணம். காதல் முறிவும் போதையும் என்ற கதை இங்கே ஒரு பெண்ணின் உடலில் மெய்யாகவே நடந்தது. பார்வையாளர் என்ன செய்தனர்? பொய்த் தேவதாசுக்காக அழுத அதே மக்கள், மெய்யான சாவித்திரியைப் பற்றிக் குசுகுசுத்தனர். ‘இப்படிச் சீரழிந்தாளே’ என்றனர். ஆண் குடித்தால் காதலின் ஆழம். பெண் குடித்தால் ஒழுக்கத்தின் வீழ்ச்சி! 2018இல் நாக் அஸ்வின் அவருடைய வாழ்க்கையை ‘நடிகையர் திலகம்’ என்று படமாக்கியபோது, காலம் மாறியிருந்தது. புதிய தலைமுறை அவருக்காக மனமிரங்கிற்று. ஆயினும் விவாதமோ வேறொரு பக்கம் திரும்பியது. அவருக்கு முதன்முதல் மதுவை அறிமுகப்படுத்தியவர் யார், ஜெமினி கணேசனைப் படம் நேர்மையாகக் காட்டிற்றா என்ற வழக்கே பெரிதாயிற்று. குடும்பத்தினுள்ளிருந்தும் மறுப்பு எழுந்தது. குற்றவாளி ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டால் நோயைப் பற்றிச் சிந்திக்க வேண்டியதில்லை என்பது பார்வையாளரின் பழைய சௌகரியம். ஒரு கலைத்தொழில் பெண்ணின் உழைப்பை எவ்வாறு உறிஞ்சி, அவள் தளர்ந்தபோது எவ்வாறு கைவிட்டது என்ற கேள்வி அந்த இரைச்சலில் அமுங்கிப்போயிற்று.

2009இல் அனுராக் காஷ்யப் எடுத்த ‘தேவ் டி’ இந்த மரபை உடைக்கப் புறப்பட்ட இந்திப் படம். பெரு நட்சத்திரங்களை நம்பாது, பஞ்சாபின் செல்வக் குடும்பத்திலும் டெல்லியின் மலிவு விடுதித் தெருக்களிலும் அது கதையை நிறுத்துகிறது. சாராயத்தோடு வேறு போதைகளும் சேர்ந்துவிட்டன. நம் பல்கலைக்கழக மாணவர் சிலர் இப்படத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்து, மெச்சிப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். மெச்சுவதற்கு இடமுண்டு. இங்கே தேவதாஸ் பரிசுத்தன் அல்லன். பாரோவின் ஒழுக்கத்தைப் பற்றி யாரோ சொன்ன அவதூறை நம்பி அவளைத் தள்ளிவிடும் கோழை. ஜமீன்தாரின் கௌரவம் செய்த வேலையை இங்கே ஆணின் சந்தேகம் செய்கிறது. பாரோ அவன் அறைக்கு வந்து குப்பையைக் கூட்டி, துணியைத் துவைத்துக் கொடுத்துவிட்டு, அவனோடு தங்க மறுத்துத் தன் வாழ்க்கைக்குத் திரும்பிப் போகிறாள். சந்திரமுகியின் இடத்தில், அந்தரங்கப் படக்காட்சியொன்று பரப்பப்பட்டதால் வீட்டாரால் ஒதுக்கப்பட்டு வழிதவறிய பாடசாலைச் சிறுமியொருத்தி நிற்கிறாள். முடிவில் நாயகன் சாகவில்லை. அவன் வாசலில் விழுந்து சாவதற்காகவே காத்திருந்து பழகிய பார்வையாளருக்கு இது பெரிய ஏமாற்றம். ‘கதையைக் கெடுத்துவிட்டார்’ என்று முறைப்படுவோரை நாம் கண்டிருக்கிறோம்! அடிமைப்பட்டவன் பிழைத்து எழுந்துவிட்டால் காதல் பொய்யாகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். சாவைக் கேட்டுத் தொழும் இரசனை இது.

எனினும் இப்படத்திலும் நமக்கொரு மனக்குறை உண்டு. போதையில் வண்டியோட்டித் தெருவோரத்து மனிதர்களைக் கொன்றுவிடுகிறான் தேவ். இது டெல்லியில் 1999இல் நடந்த விபத்தொன்றை நினைவூட்டுவது. படத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சி அதுவாயிருந்திருக்க வேண்டும். கமெராவோ அவர்களிடத்தில் நெடுநேரம் நிற்பதில்லை. நாயகனின் மனச்சோர்வைத் தேடி விரைந்து திரும்பிவிடுகிறது. வண்ண விளக்குகளும் புதுமையான இசையும் நிறைந்த அம்மயக்கத்தில், இறந்தவர் எவர், அவர் வீட்டில் அன்றிரவு அடுப்பெரிந்ததா என்ற கேள்விகள் எழுவதில்லை. நம்மிடம் படத்தைப் பாராட்டிய மாணவருள் எவரும் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதையும் குறித்தாக வேண்டும்.

அதன்பின் வந்த ‘அர்ஜுன் ரெட்டி’ (2017), அதன் தமிழ் வடிவமான ‘ஆதித்ய வர்மா’ (2019) ஆகியவற்றைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. வைத்தியனாகிய நாயகன் குடிபோதையில் அறுவைச் சிகிச்சை செய்கிறான். அதையும் இரசிகர் அவன் திறமைக்கு அத்தாட்சியாகக் கொள்கின்றனர். தாடி, கறுப்புக் கண்ணாடி, மோட்டார் சைக்கிள் ஆகிய மூன்றும் நம் கரையோரத்துக்கு வந்து சேர்ந்தன. சிகிச்சை மேசையில் கிடந்த நோயாளி வந்து சேரவில்லை.

இவை யாவும் படங்களைப் பற்றிய பேச்சாக மட்டும் இருந்திருந்தால் நாம் இவ்வளவு தூரம் வாதிட வேண்டியதில்லை. நம் ஊர்களின் நிலை வேறு. சாராயத் தவறணை ஊருக்குள் இல்லை என்பது நம் முஸ்லிம் கிராமங்களின் நெடுநாளைய பெருமை. அப்பெருமையை நம்பிக் கண்ணயர்ந்திருந்த வேளையில், தவறணையும் பெயர்ப்பலகையும் வேண்டாத போதை உள்ளே வந்துவிட்டது. ஹெரோயினும், மாத்திரைகளும், ‘ஐஸ்’ என்று அழைக்கப்படும் மெதம்பெற்றமைனும் இன்று இலங்கையின் எந்த மாவட்டத்துக்கும் புதியவையல்ல. வாய் மணக்காது, தள்ளாட்டமில்லை, பள்ளிவாசலின் முன்வரிசையில் நிற்கும் வாப்பாவுக்கும் மகனைப் பற்றித் தெரியாது. தெரியவரும்போது உம்மாவின் வளையல் போயிருக்கும்.

அப்பொழுது ஊர் என்ன சொல்கிறது? படம் பார்த்துவிட்டுச் சொன்ன அதே இரண்டையும்தான் சொல்கிறது. ‘ஏதோ ஒரு புள்ளையால மனமுடைஞ்சிட்டான், பாவம்’ என்பது ஒன்று. ‘குடும்பத்துக்கு வந்த கேடு, அடிச்சுத் துரத்து’ என்பது மற்றையது. முன்னது அவனை வீட்டுக்குள் ஒளித்துவைக்கிறது. பின்னது பொலிசாரிடம் கொடுக்கிறது. இரண்டாவது கருத்தையே இந்நாட்டின் அரசும் சட்டமாக்கி வைத்திருக்கிறது. 1976க்குப் பிறகு எவரையும் தூக்கிலிடாத இந்நாட்டில், 2019இல் அன்றைய ஜனாதிபதி போதைப்பொருட் குற்றவாளிகளைத் தூக்கிலிட நாட்குறித்தார். 2022இல் வந்த சட்டத் திருத்தம் மெதம்பெற்றமைனையும் மரண தண்டனைக்குரிய குற்றங்களுள் சேர்த்தது. 2023 டிசம்பர் 17ஆம் திகதி ‘யுக்திய’ என்ற பெயரில் தொடங்கிய பொலிஸ் வேட்டையில், ஒரு மாதம் நிறைவதற்குள் 29,000க்கும் மேற்பட்டோர் கைதானதாகவும், அவர்களுட் பலர் படையினர் நடத்தும் கட்டாயப் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டதாகவும் ஐக்கிய நாடுகள் மனிதவுரிமை அலுவலகம் கவலை தெரிவித்தது. அத்தகைய நிலையமொன்றாகிய கந்தக்காட்டில், 2022 ஜூனில் ஒருவர் இறந்ததை அடுத்து நூற்றுக்கணக்கானோர் வேலி கடந்து ஓடினர். நோயாளர் ஓடித் தப்பும் மருத்துவமனையை என்ன பெயரிட்டு அழைப்பது?

இந்த வேட்டையில் அகப்படுவோர் எவர் என்று கேட்கும் பொறுப்பு இடதுசாரிகளாகிய நமக்குண்டு. கப்பலில் கொண்டுவருபவன் அகப்படுவது அரிது. முச்சக்கர வண்டி ஓட்டுபவனும், மீன்வாடிக் கூலியும், பாடசாலையை இடைவிட்ட பையனும் இலகுவில் அகப்படுகின்றனர். தேவதாசுக்கு ஜமீன் இருந்தது. ஆதலால் அவன் அழிவு காவியமாயிற்று. சொத்தில்லாதவனின் அழிவு பொலிஸ் நாட்குறிப்பில் ஒரு வரியாகிறது. இருவரும் அழிந்தது ஒரே நோயினால். மூளையும் உடலும் பழக்கத்துக்கு அடிமைப்பட்டபின், திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வேதனையும் உண்டாகும். சிலவற்றில் உயிராபத்தும் உண்டு. மீண்டும் மீண்டும் விழுவது அந்நோயின் இயல்பு என்று மருத்துவம் சொல்கிறது. மனவலிமை இல்லாதவன் என்று திட்டுவதாலும், காதலின் தியாகி என்று புகழ்வதாலும் அந்நோய் ஒரு சிறிதும் குறைவதில்லை.

நம் பிரதேசத்து வாய்மொழிக் கவிகளை இங்கே நினைத்துக்கொள்வது பொருந்தும். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ தொடக்கம், அக்கவிகளைத் தொகுத்தோரும் ஆராய்ந்தோரும் பலர். வயற்காவற் பரணிலிருந்து ஆண் பாடுவதும், பன் இழைத்துக்கொண்டும் நெல் குத்திக்கொண்டும் பெண் ‘மச்சான்’ என்று விளித்துப் பாடுவதுமான அந்நாலடிகளில் பிரிவுத்துயர் நிறையவே உண்டு. ஆயின் அங்கே நெஞ்சுடைந்தவள் கையிலிருந்த வேலையைக் கீழே போடுவதில்லை. போட்டால் அன்றைக்கு உலை இல்லை. துயரத்துக்காக வாழ்க்கை முழுவதையும் செலவழிக்கும் வசதி உழைப்பவருக்குக் கிடையாது. மஜ்னூனின் கதையும் நம் மக்களுக்குப் புதியதன்று. அவன் பித்துக்கொண்டு பாலைவனத்தில் அலைந்தானேயன்றிப் போத்தலைத் தேடவில்லை. (நாகேஸ்வரராவ் தேவதாசாவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1949இல், தெலுங்கில் மஜ்னுவாகவும் நடித்தவர் என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை.) காதல் தோற்றவன் குடித்தே தீருவான் என்ற இலக்கணம் நம் பழைய மரபில் இல்லை. அதைக் கற்றுத் தந்தது கடந்த நூற்றாண்டின் திரை.

இனி, நாவலின் கடைசிப் பக்கத்துக்கு வருவோம். மாட்டுவண்டியில் வந்து சேர்ந்த தேவதாஸ் பார்வதியின் வீட்டு வாசலில், மரத்தடியில் உயிர் விடுகிறான். செய்தி அறிந்து ஓடிவந்த பார்வதி தடுக்கப்பட்டு, மயங்கிய நிலையில் உள்ளே தூக்கிச் செல்லப்படுகிறாள். அதன்பின் ஆசிரியரே நேரில் வந்து நம்மோடு பேசுகிறார்: பார்வதிக்குப் பின்னர் என்ன நேர்ந்ததென்று தமக்குத் தெரியாது என்றும், அறிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை என்றும், தேவதாசுக்காக மட்டுமே மனம் வருந்துகிறதென்றும் சொல்லிவிடுகிறார். பெண்களின் துயரத்தை இவரைப் போல எழுதியவர் இல்லை என்று புகழப்படும் சரத்சந்திரரே இங்கே பார்வதியைக் கைவிட்டுக் கதவைச் சாத்துகிறார். இளமையில் எழுதிய அந்த வரிகள், நூறாண்டுகளாகப் பார்வையாளரின் கருத்துக்கு முன்மாதிரியாகிவிட்டன. படம் முடிந்து வெளியே வருவோரும் அவ்வாறே பேசுகின்றனர். அந்தப் பெரிய வீட்டில், பிறன் ஒருவனுக்காக ஓடியவள் என்ற பெயரோடு, தன்னிலும் மூத்த பிள்ளைகளுக்குத் தாயாக, பார்வதி எழுந்த மறுநாட் காலையை எந்தப் படமும் காட்டியதில்லை; எவரும் காட்டும்படி கேட்டதுமில்லை.

சந்திரமுகியையும் அப்படியே விட்டுவிட்டோம். தொழிலை விட்டு, நகைகளைத் துறந்து, கிராமத்தில் குடியேறி எளிய வாழ்வு வாழ்ந்தவள், தேவதாஸ் கல்கத்தாவில் சீரழிகிறான் என்றறிந்து மீண்டும் அந்நகருக்கே போகிறாள். அவன் எந்தத் தெருவில் விழுந்து கிடப்பான் என்பது தெரியாது. தேடித் தேடி, ஓரிரவு வீதியோரத்தில் அவனைக் காண்கிறாள். வீட்டுக்குக் கொண்டு சென்று, வைத்தியரை அழைத்து, நோய் தணியும்வரை பக்கத்திலிருந்து பார்க்கிறாள். கதை முழுவதிலும் தேவதாசின் போதையை நோயாகக் கண்டு, அதற்கு வேண்டிய வேலையைச் செய்தவர் அவளும் தர்மதாசும் மட்டுமே. ஒருத்தி சமூகம் ஒதுக்கிய பெண். மற்றவன் கூலிக்கு நின்ற வேலையாள். நம் ஊர்களில் இன்று அதே வேலையைச் செய்துகொண்டிருப்பவர்கள் உம்மாமாரும் றாத்தாமாரும். நடு இரவில் கதவு தட்டப்படுமோ என்று விழித்திருப்பவள். அயலுக்குத் தெரியாமல் கொழும்புக்கு வைத்தியரிடம் பிள்ளையை அழைத்துச் செல்ல பஸ் ஏறுபவள். தம்பியின் பழக்கம் வெளியே தெரிந்தால் தன் திருமணப் பேச்சு முறியுமென அஞ்சி வாய் மூடியிருப்பவள். குடிகளும் சம்பந்தங்களும் பின்னிப் பிணைந்த நம் சமூகத்தில் கடைசியாகச் சொன்னவளின் அச்சம் வெறும் கற்பனையன்று.

கைத்தொலைபேசியைக் கொண்டே குறும்படம் எடுக்கும் இளைஞர் நம் பக்கத்தில் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. அவற்றில் நாம் பார்த்த சிலவற்றில், மழையில் நனைந்தபடி கடற்கரையில் புகைத்துக்கொண்டு நிற்கும் நாயகன் தவறாமல் வருகிறான். பின்னணியில் வாத்தியம் அழுகிறது. பெண்ணோ ஒரு புகைப்படமாக மட்டும் இருக்கிறாள். கமெரா அவன் முகத்தை விட்டு அகலுவதில்லை. சற்றே திருப்பினால், அவனுக்குப் பின்னால், கூரை போடாத வீடொன்று நிற்பது தெரியும். அவன் றாத்தாவுக்காக வாப்பா தொடங்கி முடிக்காமல் விட்ட வீடு. அதன் வாசலில், மகன் எப்போது திரும்புவான் என்று பார்த்துக்கொண்டு உம்மா நிற்பாள்.